ஸ்பானிய இலக்கியம் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிய மொழி இலக்கியத்தைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்கள் முன்னோர் விழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். பெயர் உச்சரிப்பு, ஆண்டுப் பிழை எல்லாம் மெய்ப்புத் திருத்துபவர் கையோடு போய்விடும். கட்டுரையையே கவிழ்த்துவிடும் தவறுகள் வேறு.

'தொன் கிஹோத்தே'யைப் பிகாரெஸ்க் நாவல் என்பது

ஊர் சுற்றுகிற கதையெல்லாம் பிகாரெஸ்க் ஆகாது. அந்த வகைக்கு மூன்று அடையாளங்கள்: நாதியற்ற ஏழை, எசமானர் மாற்றி எசமானரிடம் ஊழியம், தன் கதையைத் தானே சொல்வது. 1554இல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த 'லாசரில்லோ'வில் மூன்றும் இருக்கின்றன. கிஹோத்தேயோ சொந்த நிலமுள்ள சின்னப் பிரபு. கதையைச் சொல்வதும் அவர் இல்லை. நாவலை எழுதிய செர்வாந்தேஸ் இந்த வகையைக் கிண்டலே செய்கிறார். முதல் பாகம் 22ஆம் அத்தியாயத்தில் கினேஸ் என்ற கைதி, தான் எழுதும் சுயசரிதை லாசரில்லோவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று பீற்றிக்கொள்கிறான். எழுதி முடித்தாயிற்றா என்று கேட்டால், என் வாழ்க்கையே முடியவில்லையே என்கிறான்.

பொற்காலத்தை ஒரே நூற்றாண்டாக எண்ணுவது

ஸ்பானிய இலக்கியத்தின் பொற்காலம் என்பது 1500களில் தொடங்கி, நாடகாசிரியர் கால்தெரோன் இறந்த 1681 வரை போகும்.

எல்லாவற்றுக்கும் மாய யதார்த்த முத்திரை

அற்புதம் அன்றாட நிகழ்வுபோல, யாரும் திகைக்காமல் நடக்கும் எழுத்துதான் மாய யதார்த்தம். அந்த முத்திரையைக் கண்டதற்கெல்லாம் குத்துவது எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல். லத்தீன் அமெரிக்கா என்றதும் போர்ஹெஸ், கொர்த்தஸார், யோசா, மார்க்வெஸ் நால்வரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். லத்தீன் அமெரிக்க நாவல்களை உலகெங்கும் கொண்டுபோன 1960களின் 'பூம்' ஒரு பதிப்பு அலை. பார்சலோனாவின் செய்ஸ் பர்ரால், புவனோஸ் அய்ரஸின் சுதாமெரிக்கானா போன்ற பதிப்பகங்கள் இல்லாமல் அது இல்லை. அதன் முதல் வெற்றிகளில் ஒன்றான யோசாவின் 'நகரமும் நாய்களும்' (1963) லிமாவின் ராணுவப் பள்ளியைப் பற்றிய கறாரான நாவல். மருந்துக்குக்கூட மாயம் கிடையாது.

மாய யதார்த்தம் என்ற பெயரே 1925இல் ஜெர்மானிய விமர்சகர் ஃப்ரான்ஸ் ரோ ஓவியங்களுக்கு வைத்தது. 1948இல் வெனிசுவேலா எழுத்தாளர் உஸ்லார் பியெத்ரி அதை வெனிசுவேலாக் கதைகளுக்குப் பொருத்தினார். 1949இல் கியூப நாவலாசிரியர் கார்பெந்தியர் முன்வைத்த 'அற்புத யதார்த்தம்' தனிக் கருத்து. பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் செயற்கையாகத் தயாரித்த அற்புதங்களுக்கு எதிரானது. அவரது ஹைத்தி நாவலில் கலகக்கார அடிமை மக்கந்தால் தீயிலிருந்து பறந்து போவதாக அடிமைகள் காண்கிறார்கள். அவனை மறுபடி நெருப்பில் தள்ளியதைப் பார்த்தவர்கள் வெகு சிலர். யார் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் அங்கே விஷயம். 1955இல் விமர்சகர் ஏஞ்சல் ஃப்ளோரெஸ் எழுதிய கட்டுரை போர்ஹெஸையும் மாய யதார்த்தம் என்ற பெயருக்குள் இழுத்துப் போட்டது. இன்றுவரை அந்தக் குழப்பம் ஓயவில்லை.

சந்தேகம் வந்தால் அற்புதம் நிகழும் பக்கத்தைத் திறந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். யாராவது திகைக்கிறார்களா? விளக்கம் தரப்படுகிறதா? பியோய் கஸாரெஸின் 'மொரேலின் கண்டுபிடிப்பு' (1940) எந்திரத்தால் விளக்கம் தருகிறது; அறிவியல் புனைவுக்குப் பக்கத்தில் வையுங்கள். போர்ஹெஸின் 'அலெஃப்' கதைசொல்லி, கண்டதைச் சொல்ல மொழி போதவில்லையே என்று தவிக்கிறான். அது விசித்திரப் புனைவு. மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' (1967) நாவலில் ரெமேதியோஸ் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்குப் போகிறாள். அந்த வீட்டு மருமகள் ஃபெர்னாந்தாவின் கவலையெல்லாம் போன விரிப்புகள் மேல். இதுதான் அசல் சரக்கு.

முத்திரையை முதலிலேயே குத்திவிட்டால் என்ன நட்டம்? அதே நாவலில் வாழைத் தோட்டத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்று பிணங்களை ரயிலில் ஏற்றுகிறார்கள். தப்பி வந்தவன் சொல்வதை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. மாயத்தை எதிர்பார்த்தே படிப்பவர் இதையும் கற்பனைக் கணக்கில் எழுதிவிடுகிறார். யுனைடெட் ஃப்ரூட் கம்பெனிக்கு எதிரான வேலைநிறுத்தத்தின்போது 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனகாவில் ராணுவம் சுட்டது வரலாறு. நாவல் சொல்லும் மூவாயிரத்தை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். பலி எண்ணிக்கை இன்னும் சர்ச்சையில் இருக்கிறது.

லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்களே இந்த முத்திரையால் நொந்தவர்கள். அமெரிக்க இதழொன்று மாயம் போதவில்லை என்று இளைஞர்களின் கதைகளைத் திருப்பி அனுப்பியதை, 1996இல் சிலி எழுத்தாளர்கள் ஃபுகேத்தும் கோமெஸும் தொகுத்த 'மக்கோந்தோ' முன்னுரை நக்கலாக விவரிக்கிறது. மார்க்வெஸ் நாவலின் மகோந்தோ ஊர்ப் பெயரை மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் கடை வாடையோடு திருப்பிய தலைப்பு அது.

ரூபன் தாரியோவை ஜாய்ஸுக்குப் பக்கத்தில் வைப்பது

நிகராகுவா கவிஞர் தாரியோவின் இயக்கத்துக்கு 'மாடர்னிஸ்மோ' என்று பெயர்; அதை ஜாய்ஸின் ஆங்கில மாடர்னிசத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். தாரியோவின் 'நீலம்' 1888இல் வந்தது. ஊட்டம் பிரெஞ்சுக் கவிதையிலிருந்து. 'யுலிசிஸ்' வெளியான 1922க்கு ஜோடி வேண்டுமென்றால், அதே ஆண்டு வந்த பெரு நாட்டுக் கவிஞர் வயேஹோவின் 'த்ரில்சே'யை எடுங்கள்.

தலைமுறைப் பெயர்களை அப்படியே நம்புவது

1898ஐ ஒட்டி எழுத வந்த ஸ்பானிய எழுத்தாளர்களுக்கான '98 தலைமுறை' என்ற பெயரை 1913இல் பரப்பியவர் எழுத்தாளர் அஸோரின். அதில் சேர்க்கப்பட்ட நாவலாசிரியர் பியோ பரோஹா அப்படியொரு தலைமுறையே கிடையாது என்றார். அவரை அதன் பிரதிநிதி என்று எழுதுவதானால் இந்த மறுப்புக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.