விசிறி ஓடினால் ஏறிய வெப்ப அளவு

காரைக்குடியில் நண்பரின் வேனுக்கு நான் அமைத்த, கூலன்ட் எனும் எஞ்சின் குளிர்விப்புத் திரவத்தின் வெப்பமானி, ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கிய கணமே வெப்பம் ஏறியதாகக் காட்டி, நான்கு நாள்களை விழுங்கியது. சென்சாரை மாற்றினேன், 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன், மென்பொருளில் சராசரியும் எடுத்துப் பார்த்தேன். அளவு நடுங்கவில்லை, ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று) தரும் எண்ணில் 8 படிகள் நகர்ந்து அங்கேயே நின்றது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஆகவே அது இரைச்சல், அதாவது மின் குறுக்கீட்டால் வரும் தாறுமாறான ஏற்ற இறக்கம், அன்று. வெப்பமானியின் சர்க்யூட் போர்டின் கிரவுண்டுக்கும் (மின்னழுத்தத்தை அளக்கப் பூஜ்ஜியமாகக் கொள்ளும் புள்ளி) எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தபோது, விசிறி ஓடுகையில் மட்டும் 40 மில்லிவோல்ட் தெரிந்தது. 5 வோல்ட், 10 பிட் (1,024 படிகள்) ஏடிசியில் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட் என்பதால் கணக்கு ஒத்துவந்தது. போர்டும் விசிறியும் ஒரே கிரவுண்ட் ஒயரைப் பகிர்ந்திருந்தன; விசிறியின் மின்னோட்டம் அதில் பாயும்போது போர்டின் கிரவுண்ட் உயர்ந்து, எஞ்சினில் கிரவுண்ட் செய்திருந்த சென்சாரின் அளவு தவறியது. விசிறிக்குத் தனி ஒயரை பேட்டரியின் நெகட்டிவுக்கு இழுத்து, சென்சாரின் கிரவுண்ட் ஒயரை எஞ்சினிலிருந்து கழற்றி ஏடிசியின் கிரவுண்டிலேயே சேர்த்ததும் அளவு நகரவில்லை, நிம்மதியாக இருந்தது.