பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் நடக்கப் போகிறீர்களா?

நல்ல காட்சி பார்த்து நடக்க கேமரன்மலைக்குத்தான் ஏற வேண்டும் என்று நம் ஆட்கள் பலருக்கு ஒரு நினைப்பு. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர்) செம்பனைக்காடு, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம், வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, சிலாங்கூர் ஆறு பக்கத்தில், கோல சிலாங்கூர் கடலோரம் காரில் அரை மணி நேரம். நேரம் பார்த்துப் போகத் தெரிந்தால் போதும். சூரியன் 7 மணி வாக்கில்தான் உதிக்கும், 10 மணிக்கெல்லாம் முதுகு எரியும். விடியும்போதே கிளம்புங்கள், பசியாறல் திரும்பி வந்து.

தோட்டத்துக்குள் போவதென்றால் முதலில் கேட் காவலரிடமோ மண்டோரிடமோ (தோட்ட மேற்பார்வையாளர்) ஒரு வார்த்தை சொல்லுங்கள். செம்மண் சாலையை விட்டு இறங்க வேண்டாம். வெட்டிய மட்டைகளை மரங்களுக்கு நடுவே வரிசையாகக் குவித்திருப்பார்கள், எலி அதற்குள் குடியிருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது ஆந்தைக்கு, எலி பிடிக்கத்தான். குலை அறுக்கிற இடத்தில் நன்றாகத் தள்ளி நில்லுங்கள், 20 கிலோ குலை எந்தப் பக்கம் உருளும் என்று அறுக்கிறவருக்கே தெரியாது.

ஆற்றங்கரையில் ஒன்றுதான் கவனம்: இங்கே வெயில் அடித்தாலும், மேலே கோல குபு பாரு மலையில் மழை என்றால் தண்ணீர் ஏறிவிடும்.

கடலோரம்தான் எனக்குப் பிடித்தது, ஆனால் நேரம் தவறினால் ஒன்றுமே தெரியாது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு வற்றினால் நாளை 8.50 வாக்கில். போனில் பார்க்கலாம், வீட்டு நாள்காட்டியும் உதவும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். வற்றுகிற நேரமாகப் பார்த்து 1987இல் தொடங்கிய கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போய், சேற்றோரம் கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள். முதலில் வெறும் சேறுதான். அப்புறம் ஒவ்வொரு பொந்திலிருந்தும் நண்டு எட்டிப் பார்க்கும், ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது, அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். முழி பிதுங்கிய மீன்கள் சேற்றிலேயே தத்தித் தத்திப் போகும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை என்றால் வடக்கே இருந்து வந்த பறவைகளும் இருக்கும், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டு சேற்றில் மட்டும் கால் வைக்காதீர்கள், முழங்கால் வரை இழுக்கும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டைதான் சரி.

கால் இன்னும் தாங்கினால் பக்கத்திலேயே புக்கிட் மெலாவாத்தி. ஏற்றம் லேசானது, மேலே 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், அங்கிருந்து கடல் தெரியும். சாம்பல் நிறக் குரங்குகள் சாது, அதன் குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நீளவால் குரங்குகள்தான் கையில் இருப்பதைப் பிடுங்கும், அதனால் சாப்பாட்டுப் பையைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு ஏறுங்கள்.