பிளானர் ஹெட்ஃபோனை இன்டர்ஃபேஸில் செருகும் முன்

"37 ஓம்தானே, எதில் செருகினாலும் பாடும்" என்று நம்பித்தான் பலரும் முதல் பிளானர் ஹெட்ஃபோனை (மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும் வகை) வாங்குகிறார்கள். ஓம், அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை (இம்பீடன்ஸ்), பாதிக் கணக்குதான். ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் வரும் என்கிற சென்சிட்டிவிட்டி மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஹைஃபைமேன் சுந்தரா என்ற பிளானரை எடுத்துக்கொள்வோம். 37 ஓம், 94 டெசிபல். இசையின் உச்சம் 110 டெசிபலைத் தொட வேண்டுமானால் ஏறக்குறைய 40 மில்லிவாட் தேவை. அதாவது 1.2 வோல்ட், 33 மில்லியாம்ப். சுருள் டிரைவர் கொண்ட டைனமிக் வகையான பேயர்டைனமிக் டிடி 990 புரோவின் 250 ஓம் மாடலுக்கு 96 டெசிபல். அதே உச்சத்துக்கு அது 2.5 வோல்ட் கேட்கும், ஆனால் கரன்ட் 10 மில்லியாம்ப் போதும். பேயர்டைனமிக் வோல்டேஜுக்கு ஏங்குகிறது, சுந்தரா கரன்டுக்கு. மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்டில் 500 மில்லியாம்ப்தான். மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், கன்வெர்ட்டர், பிரீஆம்ப் என்று எல்லாமே அதில் பங்கு கேட்கும்போது ஹெட்ஃபோன் ஜாக்குக்கு மிஞ்சுவது அளவோடுதான் இருக்கும். 250 ஓம் ஹெட்ஃபோன் நன்றாக ஓடியது, இதுவும் ஓடும் என்று கணக்குப் போட முடியாதது அதனால்தான்.

அதற்காக, பிளானர் என்றாலே தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கு என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 20 ஓம், 103 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு 5 மில்லிவாட் போதும், 0.32 வோல்ட்தான். சாதாரண இன்டர்ஃபேஸே தாராளமாகத் தாங்கும். ஹைஃபைமேன் எச்இ-6 வேறு ரகம். 50 ஓம், 83.5 டெசிபல். அதற்கு 450 மில்லிவாட், 4.7 வோல்ட் வேண்டும். இரண்டும் பிளானர்தான், தேவையோ கிட்டத்தட்ட 90 மடங்கு வித்தியாசம். ஆம்புக்குப் பணம் ஒதுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கணக்குப் போடும்போது சறுக்கும் இடங்கள் இரண்டு. சில நிறுவனங்கள் சென்சிட்டிவிட்டியை ஒரு மில்லிவாட்டுக்குச் சொல்லும், சில ஒரு வோல்ட்டுக்கு. 37 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரண்டுக்கும் 14 டெசிபல் வித்தியாசம் வரும். அடுத்தது இன்டர்ஃபேஸ் பக்கம். ஜாக் தரும் உச்ச வோல்டேஜை டிபியு என்ற அளவில் சொல்வார்கள். "+10 டிபியு" என்றால் 2.45 வோல்ட். அது லோடு இல்லாமல், அதாவது எதையும் செருகாமல் அளந்ததா, 300 ஓமில் அளந்ததா, 32 ஓமில் அளந்ததா என்று பாருங்கள். 32 ஓமுக்கான எண்தான் பிளானருக்கு ஓரளவு பொருந்தும்.

எட்டில் ஒரு பங்கு விதியைப் பிடித்துக்கொண்டு பயப்படுவோரும் உண்டு. ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஒவ்வொரு சுருதியிலும் இம்பீடன்ஸ் மாறும் டைனமிக் ஹெட்ஃபோனுக்கும், பல டிரைவர் உள்ள இன்-இயருக்கும் அது முக்கியம். பிளானரில் இருப்பது மெல்லிய படலத்தின் மேல் ஓடும் கடத்தித் தடம். அது ஏறக்குறைய ஒரு ரெசிஸ்டர் மாதிரியே நடந்துகொள்ளும். 10 ஓம் ஜாக்கில் 20 ஓம் பிளானரைச் செருகினால் 3.5 டெசிபல் சத்தம் குறையும், தொனி அப்படியே இருக்கும்.

வீட்டில் மிருதங்கம் ரெக்கார்ட் செய்யும் நண்பர் ஒருவர், ஹெட்ஃபோன் ஜாக்கில் சத்தம் போதவில்லை என்று பின்பக்க லைன் அவுட்டில் செருகிவிட்டார். பிளக் அளவு ஒன்றேதான், கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் அது ஒரே ஒரு சேனலின் பேலன்ஸ்டு அவுட்புட், ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்புவது. இடது காதுக்கு அந்தச் சேனல், வலது காதுக்கு அதுவே தலைகீழாக. நான் வாங்கிக் கேட்டேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்ற அடிநாதம் காணாமல் போய், ஒலி தலைக்கு வெளியே எங்கோ தொங்கியது, சத்தமும் இன்னும் கம்மி. தனி ஆம்ப் வைப்பதாக இருந்தால் அந்த லைன் அவுட்கள் இரண்டிலிருந்தும் ஆம்புக்குக் கொடுங்கள், ஹெட்ஃபோனை ஆம்பில் செருகுங்கள். இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஆம்புக்கு எடுத்தாலும் பாடும், ஆனால் தேவையில்லாமல் இன்னொரு ஆம்பைக் கடந்து போகிறீர்கள்.

ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி இரு கம்பி தரும் பேலன்ஸ்டு ஆம்பில் மூன்று கம்பி ஹெட்ஃபோனை அடாப்டர் போட்டுச் செருகவே கூடாது. இடது, வலது இரண்டின் எதிர்முனைகளும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும், ஆம்ப் போய்விடலாம்.

வால்யூம் நாப் கடிகாரத்தின் மூன்று மணி நிலைக்குப் போய்விட்டதே என்று கவலைப்படாதீர்கள். மாஸ்டர் ஆகாத (இறுதிச் சத்தத்துக்கு உயர்த்தாத) மிக்ஸ் சராசரியாக மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) பக்கம் இருக்கும்போது நாப் ஏறத்தான் செய்யும். தனி ஆவர்த்தனத்தின் முடிவை ஒட்டி வரும் மோராவில் வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு அடி கரகரக்கிறதா என்று கேளுங்கள். ஃபைலில் கிளிப் (உச்சம் வெட்டுப்படுவது) இல்லாமல் ஹெட்ஃபோனில் மட்டும் கரகரத்தால்தான் ஜாக்குக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். ஈக்யூவில் பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் நாலு மடங்கு பவர் கேட்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரகரப்பு இல்லை, சத்தமும் போதும், ஆனால் பேஸ் மட்டும் மெலிந்து கேட்கிறதா? ஆம்பைக் குறை சொல்லும் முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பிளானரின் அடி பேஸ், காதுப் பேடு கன்னத்தில் எப்படிப் படிகிறது என்பதைப் பொறுத்தது. கண்ணாடிக் காம்பு விடும் இடுக்கு வழியே அது கசிந்துவிடும்.