குரோஷியாவில் பகல் 11 மணிக்கே சாப்பிட்டுடுங்க

குரோஷியாவில் சாப்பாட்டுச் செலவைக் குறைக்கணுமா? வார நாளில் பகல் 11 மணிவாக்கிலேயே ஓட்டலுக்குப் போயிடுங்க. ஸ்பிளிட் பக்கம் 'மரெண்டா', ஸாக்ரெப்பில் 'கப்லெட்ஸ்'னு கேட்கணும். ரெண்டும் ஒண்ணுதான்: விடிஞ்சதும் வேலைக்குக் கிளம்புறவங்களுக்காக மொத்தமாச் சமைக்கிற முன்பகல் சாப்பாடு. அதனால மெனு கார்டு விலையைவிட மலிவு. அன்றைய அயிட்டங்களைப் பெரும்பாலும் வாசல் பலகையிலேயே எழுதி வச்சிருப்பாங்க: பீன்ஸ் குழம்பு, முட்டைக்கோஸ் இலையில் கறி வச்சுச் சுருட்டின சர்மா, வெள்ளிக்கிழமைன்னா மீனோ கணவாயோ. லேட்டாப் போனா நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். சைவக்காரங்க உஷார், அந்த பீன்ஸ் குழம்பில்கூடப் புகையூட்டின பன்றிக்கறி கிடக்கும்! ஞாயிறிலும் ராத்திரியிலும் இதை எதிர்பார்க்காதீங்க. கோடையில் டுப்ரோவ்னிக் கோட்டைக்குள்ள தேடி அலையவும் வேண்டாம்.