"ஆகப் பெரிய எண் எது?" என்று பிள்ளை கேட்டால்

இந்தக் கேள்வி எல்லா வீட்டுக்கும் ஒருநாள் வரும், அநேகமாக ஐந்தாம் ஆறாம் வகுப்புப் படிக்கிற காலத்தில், அதுவும் நீங்கள் அடுப்படியில் நிற்கும்போது. "முடிவிலி" என்று ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பிள்ளை அதையும் ஓர் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், மில்லியன் பில்லியனுக்கெல்லாம் மேலே கடைசியாகக் குந்தியிருக்கிற எண் என்று. பிறகு அதைத் தலைக்குள் இருந்து கழற்றி எடுப்பது பெரிய பாடு.

முதலில் பிள்ளையையே சொல்ல விடுங்கள். "மனே, உனக்குத் தெரிஞ்ச ஆகப் பெரிய எண்ணச் சொல்லு." கோடி கோடி கோடி என்று வரும். "சரி, அதோட ஒண்டக் கூட்டு" என்று சொல்லுங்கள். அது இன்னொரு கோடியைச் சேர்க்கும், நீங்கள் மறுபடியும் ஒன்றைக் கூட்டுங்கள், இரண்டு மூன்று தரம் போனால் "நீங்க சும்மா ஒண்ட ஒண்டக் கூட்டுறீங்க" என்று கோபம் வரும். அந்தக் கோபம் வரட்டும், ஆகப் பெரிய எண் என்று ஒன்று இல்லை என்பதற்கான நிறுவல் அதற்குள்தான் இருக்கிறது.

ஆனால் உடனே நிறுவலுக்குப் போக வேண்டாம். பிள்ளை வாய்க்கு வந்தபடி சொன்ன அந்தக் கோடி கோடி கோடி எவ்வளவு பெரிது என்று அதற்கே தெரியாது. மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குப் போகிற பின்னேரம் இதைச் செய்து பாருங்கள், ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒரு மணல் பருக்கை அரை மில்லிமீற்றர் என்று வைத்தால் ஒரு கன மில்லிமீற்றருக்குள் எட்டுப் பருக்கை, ஒரு கன மீற்றருக்குள் 800 கோடி. ஒரு கிலோமீற்றர் நீளம், 50 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம் என்று கரையை எடுத்தால் ஒரு இலட்சம் கன மீற்றர் மணல். பெருக்கினால் 8உம் அதற்குப் பின்னால் 14 பூச்சியமும் வரும், அதாவது எட்டுக் கோடி கோடி. பிள்ளை சொன்ன கோடி கோடி கோடிக்கு 21 பூச்சியம். அப்படிப் பார்த்தால் இந்த மாதிரிக் கரை பன்னிரண்டரை இலட்சம் வேண்டும்! கணக்கு உத்தேசம்தான், பருக்கை கொஞ்சம் பெரிசு சிறிசாக இருக்கும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இந்த வேலையைக் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்கக் கணித அறிஞர் ஆர்க்கிமிடீஸ் செய்திருக்கிறார். அவர் எடுத்தது கரையை அல்ல, அந்தக் காலத்தில் நினைத்திருந்த முழுப் பிரபஞ்சத்தையும். அதை மணலால் நிரப்பினாலும் 1க்குப் பின்னால் 63 பூச்சியம் போட்ட எண்ணைத் தாண்டாது என்று கணக்கிட்டார். கோடிக்கு ஏழு பூச்சியம் என்பதால், "கோடி" என்று ஒன்பது தரம் சொன்னாலே அங்கே போய்விடலாம். அதோடும் ஒன்றைக் கூட்டலாம் என்பதைப் பிள்ளை தானாகவே சொல்லும், பொறுத்திருங்கள்.

இப்போது நிறுவலை அதன் சொந்த வார்த்தையில் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் ஒன்றைக் கூட்டலாம், கூட்டினால் அதைவிடப் பெரிய எண் வரும், ஆகவே சொன்னது ஆகப் பெரியது அல்ல. மூன்று வரி, அவ்வளவுதான்.

கவனமாக நிற்க வேண்டிய இடம் அடுத்தது. "இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல்லயா?" என்று கேட்கும். கண்டுபிடிக்காமல் இருப்பது வேறு, இருக்கவே முடியாமல் இருப்பது வேறு. பெரியவர்களும் குழம்புகிற இடம் இது, செய்திகளும் குழப்பத்தான் செய்கின்றன. 2024இல் ஆகப் பெரிய முதன்மை எண்ணை (1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியில்லாமல் வகுபடுகிற, 1ஐவிடப் பெரிய எண்) கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. 2இன் 136,279,841ஆம் வலுவில் இருந்து 1ஐக் கழித்தால் வருகிற எண், 41,024,320 இலக்கங்கள். அது இதுவரை தெரிந்தவற்றில் மட்டும்தான் பெரியது. முதன்மை எண்களுக்கும் முடிவில்லை என்று கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 2,300 வருடத்துக்கு முன்பே நிறுவிவிட்டார். எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் கடைசி எண்ணைப் பிடித்துத் தராது.

முடிவிலி என்ற சொல்லை இதற்குப் பிறகு கொடுங்கள். எண்ணிக்கொண்டே போகலாம், நிற்காது, அதற்குத்தான் அந்தப் பெயர் என்று சொன்னால் இந்த வயதுக்குப் போதும்.

கெட்டிக்காரப் பிள்ளை என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: 1ஐவிடச் சிறிய எண்களில் ஆகப் பெரியது எது? 0.9 என்று தொடங்கி 0.99, 0.999 என்று போகும். எதைச் சொன்னாலும் அதற்கும் 1க்கும் சரி நடுவில் உள்ள எண்ணைக் காட்டுங்கள். இங்கேயும் ஆகப் பெரியது கிடையாது. 1ஐயும் சேர்த்துக்கொண்டால் மட்டும் உண்டு, 1தான் அது. ஒன்பதுகள் முடிவில்லாமல் போனால் என்ன என்று கேட்டால், அது சரியாக 1தான் என்று சொல்லுங்கள். நம்பாது. 1ஐ மூன்றால் பிரித்து, வருகிற 0.333... ஐ மறுபடி மூன்றால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.