பார்ப்பது எத்தனை வகை? கைப்பேசியைக் கொண்டே கணக்கிடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் யாரைக் கேட்டாலும் கைப்பேசியில் எல்லாமும் பார்ப்பதாகவே சொல்வார்கள். ஆனால் நிறையப் பார்ப்பது வேறு, பல வகையாகப் பார்ப்பது வேறு. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இதைக் கணக்கிட்டே அறியலாம்.

யூடியூப் செயலியின் பார்வை வரலாற்றில் கடைசி 50 காணொளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கைப்பேசியில் பாட்டி பக்திப் பாடலும் பேரன் விளையாட்டுக் காணொளியும் பார்க்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம் என்பதால், யார் பார்த்தது எது என்று முதலில் பிரித்துவிடுங்கள். இல்லையெனில் வீட்டின் பன்மை உங்கள் பன்மையாகத் தோன்றும். குறுங்காணொளிகள் 50 சில நிமிடங்களிலேயே ஓடிவிடும் என்பதால் அவற்றைத் தனியே எண்ணுவது நல்லது.

அடுத்து வகைகளை முடிவு செய்யுங்கள். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்: திரைப்பாடல், நடிகர் பேட்டி, பட விமர்சனம் மூன்றையும் மூன்று வகையாக எழுதித் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். என் கணக்கில் அவை மூன்றும் சினிமாதான்.

இனி, 1949இல் எட்வர்ட் சிம்சன் என்ற புள்ளியியலாளர் வெளியிட்டதும், உயிரினப் பன்மையை அளக்கச் சூழலியலாளர்கள் இன்றும் கையாள்வதுமான கணக்கைப் போட்டுப் பாருங்கள். சினிமா 30, செய்தி 10, சமையல் 5, பக்தி 5 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 50ஆல் வகுத்து, வரும் விடையை அதே விடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் 0.42 வரும், 1ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 2.4. பெயருக்கு நான்கு வகை இருந்தாலும், சம அளவில் பார்க்கும் இரண்டரை வகைக்குக்கூட அது ஈடாகவில்லை. செம்பனைக் காட்டின் ஓரத்தில் நான்கு வாழை நிற்பதால் அது கலப்புத் தோட்டமாகிவிடுமா?

இதே கணக்கை மொழிவாரியாகவும், அலைவரிசைவாரியாகவும் போடுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் அறிந்த ஒருவரின் பட்டியல் ஒரே மொழியில் நின்றுவிடுவது உண்டு. பிறகு தேடல் வரலாற்றையும் அருகில் வைத்து, நீங்களே தேடிக் கண்டவை எத்தனை என்று குறியுங்கள். யூடியூப்பில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரைகளால் விளைவது என்று 2018இல் அந்நிறுவனத்தின் உயரதிகாரி நீல் மோகன் கூறியிருந்தார். ஆகவே இந்த எண் சிறியதாக வந்தால் வியக்க வேண்டாம். வாட்சப்பில் வந்தவை இந்த வரலாற்றில் முழுமையாக இரா. அவற்றையும் கையாலேயே எண்ண வேண்டும்.

தைப்பூச வாரத்தில் மட்டும் கணக்கெடுக்காதீர்கள். அப்போது யாருடைய பட்டியலிலும் முருகனே முன்னால் நிற்பார். சாதாரண வாரம் ஒன்றில் எடுத்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.