ஆறடி மீன் தொட்டிக்கு மரத்தில் மேற்கூடு: அளவு எடுப்பதிலிருந்து பூச்சு வரை

பெரிய தொட்டிக்கு மேற்கூடு, அதாவது தொட்டியின் மேல் உட்காரும் மூடியுள்ள பெட்டி, செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தில்தான் தொடங்குகிறார்கள்: தேக்கு வெனீரா, எந்த நிறம், விளிம்பில் என்ன வேலைப்பாடு. நான் சொல்வது நேர்மாறு. கை எங்கே நுழையும், விளக்கு எங்கே உட்காரும், நீராவி எந்த வழியாக வெளியேறும் என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் பெட்டியை வரைய வேண்டும். இரை போடவும் பாசி சுரண்டவும் இடைஞ்சலான கூடு எத்தனை அழகாக இருந்தாலும் விரைவில் சுவரோரம் சாய்ந்துவிடும்.

இங்கே வரும் அளவுகள் என் வீட்டுத் தொட்டிக்கானவை: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி, சுமார் 680 லிட்டர். அறுப்பதும் திருகு முடுக்குவதும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அளவு. மில்லிமீட்டரில் எடுங்கள். தொட்டியின் மேல்விளிம்பில் இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைகளில் சிலிக்கோன் பசை பிதுங்கி நிற்கும் இடத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். நான்கு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். 1829 × 610 தொட்டிக்குக் கூட்டின் உள்ளளவு 1835 × 616 என்று வரும்.

2. அட்டை மாதிரி. குளிர்சாதனப் பெட்டி வரும் அட்டையில் முழு அளவில் ஒரு மாதிரி செய்து தொட்டியின் மேல் வையுங்கள். இரை போட்டுப் பாருங்கள். பாசி சுரண்டியின் நீளமான பிடியை உள்ளே விட்டு, எதிர்மூலையின் அடிவரை எட்டுகிறதா என்று பாருங்கள். இந்தப் படியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

3. பலகை. ஐ.எஸ். 710 (மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் ப்ளைவுட் மட்டுமே. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ஈரம் குடித்து உப்பிவிடும். முன்னும் பின்னும் 1859 × 250, பக்கங்கள் இரண்டும் 616 × 250, மேல்பலகை 1859 × 640. எல்லாம் ஒரே 8 × 4 அடித் தகட்டில் அடங்கும். பின்பலகையில் ஃபில்டர் குழாய்க்கான வெட்டு கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கித் திறந்திருக்கட்டும். வட்டத் துளை போட்டால் கூட்டைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும்.

4. தாங்குபட்டை. உட்புறம் நான்கு பக்கமும், கீழ்விளிம்பிலிருந்து 40 மி.மீ. மேலே, 20 மி.மீ. சதுரத் தேக்குப் பட்டையை ஒட்டித் திருகுங்கள். கூடு இந்தப் பட்டையால்தான் கண்ணாடி மேல் உட்காரும். தொங்கும் 40 மி.மீ. நீர்மட்டத்தை மறைக்கும். கூடு ஒருபக்கம் நகர்ந்தால் மறுபக்கம் 6 மி.மீ. இடைவெளி விழும், அதோடு கண்ணாடி 12. ஆகவே 18-க்குக் குறைந்த பட்டை கண்ணாடியை முழுதாகப் பிடிக்காது. பட்டையின் அடியில் ரப்பர் நாடா ஒட்டுங்கள். திருகின் தலை எங்கும் துருத்தக் கூடாது, எடை ஒரே புள்ளியில் கண்ணாடியில் இறங்கவும் கூடாது. ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டே ஒட்டுங்கள்.

5. மூடி. அதிகம் யோசிக்க வைத்த இடம் இதுதான். தொட்டி சுவரோரம் நிற்கும். கீலைப் பின்விளிம்பில் வைத்தால் மூடி சுவரில் சாய்ந்து நிற்கும்; லேசாகத் தட்டினால் கைமேல் விழும். கீலைச் சற்று முன்னே கொண்டுவந்து, பின்னால் கால்பங்கை மட்டும் நிலையாக வைக்கலாம் என்று தோன்றும். அப்போதும் முக்கால்பங்கு மூடி மடியும்போது பின்விளிம்பைத் தாண்டிச் சுவரில் இடிக்கும்.

வழி ஒன்றுதான்: 640 மி.மீ. அகலத்தைச் சரிபாதியாக, 320, 320 என்று பிரியுங்கள். நடுவில் பியானோ கீல் (நீளம் முழுவதும் ஓடும் தொடர் கீல்). அதன் குழல் மேற்புறம் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்பாதி முழுதாக மடிந்து பின்பாதியின் மேல் படுக்கும், பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. முன்பாதியை நீளவாட்டில் இரண்டு மூடிகளாக்குங்கள். ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோவுக்குள் நிற்கும். அவை சேருமிடத்தில் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் முன்பலகை வளையாது. கைப்பிடிக் குமிழ் வேண்டாம், மடிக்கும்போது முட்டும். விரல் நுழைய 30 மி.மீ. துளை போதும். பின்பாதியை ஒட்டாமல் திருகு மட்டும் போடுங்கள். பெரிய வேலை வரும்போது மேல்பலகை முழுவதையும் கழற்றிவிடலாம்.

6. விளக்கும் காற்றும். விளக்கை மூடியில் பொருத்தாதீர்கள். திறந்து மூடத் திறந்து மூட வயர் நைந்துபோகும். பக்கப் பலகைகளில் பள்ளம் கொடுத்து, தூக்கி எடுக்கக்கூடிய சட்டத்தில் ஐ.பி. 67 தர (தூசியும் நீரும் புகாத) எல்.இ.டி. பட்டியை மாட்டுங்கள். பின்பலகையின் ஒரு முனையில் 12 வோல்ட், 120 மி.மீ. மின்விசிறி ஒன்று, மறுமுனையில் காற்று வெளியேற நீள்துளைகள். விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ளட்டும். ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும்படி வைத்தால் ஈரக்காற்று முழுவதும் மோட்டார் வழியாகப் போய் அது சீக்கிரம் பழுதாகும். சென்னைக் கோடையில் இந்தக் காற்றோட்டம் தண்ணீரின் சூட்டையும் சற்றுத் தணிக்கும். நீர்மட்டம் வேகமாக இறங்கும் என்பதால் அடிக்கடி நிரப்ப வேண்டும்.

வயர்கள் ப்ளக் பாயின்டுக்குக் கீழே வளைந்து தொங்கி, பிறகு மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாத இணைப்பில் தொட்டியின் எந்த மின்கருவியையும் போடாதீர்கள்.

7. பூச்சு. தச்சர்கள் ஃபிரெஞ்சு பாலிஷ் (அரக்குப் பூச்சு) பரிந்துரைப்பார்கள். வெளியே அழகுதான், உள்ளே வேண்டாம். ஆவி பட்டால் வெளுத்துவிடும். உட்புறம் முழுவதும் வெள்ளை எபாக்சி பூசுங்கள், வெளிச்சமும் கூடும். வெட்டுவிளிம்புகளுக்கு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் உப்புத்தாள் தேய்ப்பு. துளைகளின் உட்சுவரையும் விடாதீர்கள். ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது அங்கேதான். வாடை முற்றிலும் போன பிறகே தொட்டியில் ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை: நீள்துளை வழியாகப் பல்லி நுழைந்து தண்ணீரில் விழுவதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். துளைகளுக்கும் விசிறிக்கும் நைலான் வலை ஒட்டுங்கள். அரோவானா வளர்ப்பவர் ஒருவர் மூடி எகிறுவதாகச் சொன்னார். காந்தப் பிடிப்பு அந்த மீனின் பாய்ச்சலுக்குத் தாங்காது, ஒவ்வொரு மூடிக்கும் சிறிய தாழ்ப்பாள் போடுங்கள். கடல்நீர்த் தொட்டி என்றால் திருகு, கீல் எல்லாம் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். நன்னீருக்கு 304 போதும்.